வீட்டில் கட்டும் படவீழ்த்திக்கு எந்த விளக்கு?

கையால் கட்டப்படும் படவீழ்த்தி, அதாவது புரொஜெக்டர், எவ்வளவு தெளிவான படத்தைத் தரும் என்பதை அதன் பெட்டியும் விசிறியும் தீர்மானிப்பதைவிட, உள்ளே வைக்கப்படும் திரவப் படிகத் தகட்டின் பின்னால் எரியும் விளக்கே பெரிதும் தீர்மானிக்கிறது. அந்த விளக்கைத் தேர்ந்தெடுக்க முனைவோர் முதலில் அதன் வாட் அளவையும், சற்று விவரம் அறிந்தோர் லூமென் அளவையும் பார்க்கின்றனர். வாட் என்பது விளக்கு உண்ணும் மின்திறனின் அளவு. லூமென் என்பது மனிதக் கண்ணின் உணர்திறனைக் கணக்கில் கொண்டு, விளக்கு எல்லாத் திசைகளிலும் வெளியிடும் ஒளியின் மொத்த அளவு. இவ்விரண்டும் தேவையானவையே எனினும், படவீழ்த்தியைப் பொறுத்தவரை இவற்றுக்கு மேலான கேள்வி ஒன்று உண்டு: அந்த ஒளி எத்தனை சதுர மில்லிமீட்டர் பரப்பிலிருந்து புறப்படுகிறது? இக்கேள்வியைக் கேளாமல் வாங்கப்படும் விளக்கு எவ்வளவு பிரகாசமாக எரிந்தாலும், அதன் ஒளியில் பெரும்பகுதி திரையை அடையாமல் பெட்டிக்குள்ளேயே வெப்பமாக முடிந்துவிடும்.

இத்தகைய முயற்சிக்கு ஏற்ற இடங்களுள் ஒன்று, பெங்களூரு நகர மாவட்டத்தின் தெற்கே ஓசூரை ஒட்டி அமைந்துள்ள ஆனேக்கல் வட்டம். கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 1978ஆம் ஆண்டில், ஆர். கே. பாலிகாவின் முனைப்பால், கோனப்பன அக்ரகாரம், தொட்டதோகூர் என்னும் இரு கிராமங்களின் 332 ஏக்கர் நிலத்தில் எலக்ட்ரானிக் சிட்டியைத் தொடங்கியதிலிருந்து, பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி ஆகிய தொழிற்பேட்டைகளும் சேர்ந்து இவ்வட்டாரத்தை மின்னணு அறிவும் பட்டறைக் கைத்திறனும் கலந்த பகுதியாக மாற்றியுள்ளன. கன்னடமும் தமிழும் தெலுங்கும் அடுத்தடுத்த வீடுகளில் பேசப்படும் இவ்வூர்களிலிருந்து பெங்களூரின் எஸ். பி. சாலைக்குப் போய்வருவது எளிது. பழைய மடிக்கணினித் திரை முதல் கணினிச் செயலியைக் குளிர்விக்கும் உலோக அடுக்கு வரை, படவீழ்த்திக்கு வேண்டிய உறுப்புகள் பலவற்றை அச்சாலையின் கடைகளில் தேடிப் பிடிக்கலாம்.

வீட்டுப் படவீழ்த்தியின் அமைப்பு எளியது. ஒரு முனையில் விளக்கு. அதன் முன்னே ஒளியைத் திரட்டும் கண்ணாடி வில்லை. அதையடுத்து, வட்ட வட்டமான நுண்வரிகள் செதுக்கப்பட்ட தட்டையான பிளாஸ்டிக் ஏடாகிய ஃபிரெனல் வில்லை. அதன்பின் பின்னொளி நீக்கப்பட்ட எல்சிடி தகடு. அதற்கப்பால் இரண்டாவது ஃபிரெனல் வில்லை. இறுதியில் படத்தைத் திரைக்கு அனுப்பும் வீழ்த்துவில்லை. முதல் ஃபிரெனல் வில்லை விளக்கின் விரியும் கதிர்களை ஏறத்தாழ இணைக்கதிர்களாக்கித் தகட்டின் ஊடே செலுத்துகிறது. இரண்டாவது அவற்றை மீண்டும் குவித்து வீழ்த்துவில்லையின் வாயில் சேர்க்கிறது. வேறு விதமாகக் கூறினால், திரையில் தகட்டின் பிம்பம் விழுவதைப் போலவே, வீழ்த்துவில்லையின் வாயில் விளக்கின் பிம்பமும் விழுகிறது. இந்த இரண்டாவது பிம்பம் கண்ணுக்குப் புலப்படாததால் எளிதில் மறக்கப்படுகிறது. விளக்கின் தேர்வு முழுவதும் இதைச் சார்ந்தே நிற்கிறது.

விளக்கைப் பற்றிப் பேசுமுன் தகடு ஒளிக்கு என்ன செய்கிறது என்பதை அறிய வேண்டும், ஏனெனில் இழப்பின் பெரும்பங்கு அங்கேயே நேர்கிறது. ஒளி என்பது பல தளங்களில் அதிரும் அலை. அதில் ஒரு தளத்தில் அதிர்வதை மட்டும் விடுத்து மற்றதை உறிஞ்சும் தளவிளைவுப் படலம் தகட்டின் இரு முகங்களிலும் ஒட்டப்பட்டுள்ளது. முதல் படலமே வந்த ஒளியில் பாதிக்கு மேல் உறிஞ்சிவிடுகிறது. எஞ்சியது சிவப்பு, பச்சை, நீலம் என்னும் வண்ண வடிகட்டிகளைச் சந்திக்க, ஒவ்வொரு வடிகட்டியும் தனக்குரிய மூன்றில் ஒரு பங்கை மட்டுமே விடுகிறது. ஒவ்வொரு படப்புள்ளியைச் சுற்றியும் உள்ள மின்கம்பிகளும் டிரான்சிஸ்டரும் ஒரு பகுதியை மறைக்கின்றன. இவற்றையெல்லாம் பெருக்கிப் பார்த்தால், முழு வெண்மையைக் காட்டும்போதுகூட வண்ண எல்சிடி தகடு தன்மீது விழும் ஒளியில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பங்கை மட்டுமே கடத்துகிறது. மீதி 95 பங்கும் அதன் மெல்லிய உடலுக்குள் வெப்பமாகிறது.

திரவப் படிகங்களின் வரலாற்றில் பெங்களூருக்கு உள்ள இடம் சிறிதன்று. 1977ஆம் ஆண்டில் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் சி. வி. ராமனின் சகோதரி மகனான சிவராமகிருஷ்ண சந்திரசேகர், பி. கே. சதாசிவா, கே. ஏ. சுரேஷ் ஆகிய மூவரும், அதுவரை கோல் வடிவ மூலக்கூறுகளுக்கே உரியதாகக் கருதப்பட்ட திரவப் படிக நிலை, தட்டு வடிவ மூலக்கூறுகளிலும் தோன்றும் எனக் கண்டறிந்து வெளியிட்டனர். அத்தட்டு வடிவ மூலக்கூறுகளைக் கொண்ட படலங்கள் பின்னாளில் எல்சிடி திரைகளைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது ஏற்படும் வெளிறலைக் குறைக்கப் பரவலாகப் பயன்பட்டன. எஸ். பி. சாலையில் எடை போட்டு விற்கப்படும் பழைய கணினித் திரைக்குள், அதே நகரின் ஆய்வகத்தில் தொடங்கிய ஓர் அறிவியல் தடம் இருக்கக்கூடும் என்பது அவ்வாய்வகத்தின் பணிக்குக் கிடைத்த பெருமை.

இனி மையமான கணக்குக்கு வரலாம். ஒளியியலார் பிரெஞ்சுச் சொல்லால் எத்தாந்தூ என அழைக்கும் அளவு, ஒளி புறப்படும் பரப்பையும் அது விரியும் கோணத்தையும் பெருக்கிக் கிடைப்பது. வில்லைகளாலும் ஆடிகளாலும் பரப்பைக் குறைத்தால் கோணம் விரியும். கோணத்தைக் குறைத்தால் பரப்பு விரியும். இரண்டின் பெருக்கத்தைக் குறைக்க எந்த வில்லையாலும் இயலாது. அகன்ற பாத்திரத்து நீரைப் புனல் வைத்துக் குறுகிய குப்பிக்குள் இறக்கிவிடலாம்; அகன்ற விளக்கின் ஒளியை அவ்வாறு குறுகிய வாய்க்குள் இறக்க இயற்கை இடம் தருவதில்லை. வெப்பம் குளிர்ந்த பொருளிலிருந்து சூடான பொருளுக்குத் தானே பாயாது என்னும் வெப்ப இயக்கவியல் விதியின் மற்றொரு முகமே இத்தடை: விளக்கின் ஒளியை விளக்கைவிடப் பிரகாசமான புள்ளியாகக் குவிக்க முடியுமாயின், அப்புள்ளி விளக்கைவிடச் சூடாகிவிடும்.

இவ்விதியை வீட்டுப் படவீழ்த்திக்குப் பொருத்துவது கடினமன்று. வீழ்த்துவில்லையின் குவியத்தூரத்தை அதன் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது குவிய விகிதம். தகட்டின் பரப்பை, குவிய விகிதத்தின் வர்க்கத்தைப் போல் நான்கு மடங்கால் வகுத்தால், ஒரு பக்கம் மட்டும் ஒளி உமிழும் தட்டையான விளக்கு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற உச்சவரம்பு கிடைக்கும். 7 அங்குலத் தகடு ஏறத்தாழ 155 மில்லிமீட்டர் அகலமும் 87 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. அதன் பரப்பு சுமார் 13,500 சதுர மில்லிமீட்டர். வீழ்த்துவில்லையின் குவியத்தூரம் 200 மில்லிமீட்டர், விட்டம் 80 மில்லிமீட்டர் எனில் குவிய விகிதம் 2.5, அதன் வர்க்கத்தின் நான்கு மடங்கு 25. ஆகவே விளக்கின் ஒளிரும் பரப்பு 540 சதுர மில்லிமீட்டருக்குள், அதாவது பக்கத்துக்கு 23 மில்லிமீட்டர் கொண்ட சதுரத்துக்குள் அடங்க வேண்டும். அதைவிடப் பெரிய பரப்பிலிருந்து வரும் ஒளியில் மிகுதி, வீழ்த்துவில்லையின் ஓரத்துக்கு வெளியே விழுந்து வீணாகும்.

வீட்டுக் கூடத்தில் எரியும் நான்கடிக் குழல்விளக்கை இக்கணக்கில் வைத்துப் பார்த்தால் விதியின் கடுமை புரியும். 36 வாட் குழல்விளக்கு 2,500 லூமெனுக்கு மேல் ஒளி தருவது; ஆனால் 26 மில்லிமீட்டர் விட்டமும் 1,200 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட அதன் ஒளிரும் பரப்பு ஏறத்தாழ 98,000 சதுர மில்லிமீட்டர். இதில் 540 பங்கே படவீழ்த்திக்குப் பயன்படும். அதாவது நூற்றுக்கு அரைப் பங்கு, சுமார் 14 லூமென். தகட்டில் நேரும் இழப்புக்குப் பின் திரையை அடைவது ஒரு லூமென்கூட இல்லை. வளைத்துச் சுற்றப்பட்ட சிஎஃப்எல் விளக்குகளுக்கும், வெண்பூச்சு பூசிய குண்டு பல்புகளுக்கும் இதே கதிதான். ஓர் அறையை நிறைவாக ஒளியூட்டும் விளக்கு படவீழ்த்தியில் தோற்பதற்கு அதன் தரக்குறைவு காரணமன்று, அதன் பெருத்த மேனியே காரணம்.

திரைப்படத் தொழில் இவ்விதியைப் பெயர் சொல்லாமலேயே நூறாண்டுக்கு முன் கற்றிருந்தது. 1905ஆம் ஆண்டில் திருச்சியில் இரயில்வே எழுத்தராக இருந்த கோவை சாமிக்கண்ணு வின்சென்ட், டுபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படவீழ்த்தியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டத் தொடங்கிய காலம் முதல், தமிழகத்து டூரிங் டாக்கீஸ்கள் ஓய்ந்த காலம் வரை, திரைக்கு ஒளி தந்த விளக்குகளுள் தலையாயது கார்பன் மின்வில் விளக்கு. 35 மில்லிமீட்டர் படச்சுருளின் ஒரு சட்டகம் 21 மில்லிமீட்டருக்கு 15 மில்லிமீட்டர் அளவே. குவிய விகிதம் 2 கொண்ட வில்லைக்கு அதே கணக்கைப் போட்டால், விளக்கின் ஒளிரும் பரப்பு 20 சதுர மில்லிமீட்டர், அதாவது 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டம் என வரும். நேர்மின் கார்பன் குச்சியின் நுனியில் 3,500 டிகிரி செல்சியஸுக்கும் மேலான வெப்பத்தில் தோன்றும் ஒளிரும் பள்ளத்தின் அகலமும் சில மில்லிமீட்டர்தான். குச்சிகள் எரிந்து தேயத் தேய அவற்றின் இடைவெளியைத் திருத்தி, அப்பள்ளத்தைக் குழியாடியின் குவியத்திலேயே நிறுத்திவைத்த ஆப்பரேட்டரின் கைத்திறன், உண்மையில் எத்தாந்தூவைக் காக்கும் திறனாக இருந்தது. அத்தகைய ஆப்பரேட்டர்களின் உழைப்பு திரைப்பட வரலாற்று நூல்களில் போதிய இடம் பெறவில்லை.

அக்குச்சிகளுள் உயர் ஒளிவகையின் நடுத்தண்டில் சீரியம் என்னும் அருமண் தனிமத்தின் சேர்மம் அடைக்கப்பட்டிருந்தது; ஒளியை வெண்மையாக்கியது அதுவே. கூடாரக் கொட்டகை வாசலில் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலில் தோரியத்தோடு சிறிதளவு கலந்திருந்ததும் சீரியமே. இன்றைய வெண்ணிற எல்இடியில் நீல ஒளியை மஞ்சளாக மாற்றும் பாஸ்பரத்திலும் அதே சீரியம் பணிபுரிகிறது. 1909ஆம் ஆண்டில் ஜெர்மானியரான ஷோம்பெர்க் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கண்டறிந்த மோனசைட் கனிமம், இத்தனிமங்களைத் தன்னுள் கொண்டது.

இனி, வீட்டுப் படவீழ்த்திக்கென இதுவரை பயன்பட்டுள்ள விளக்குகளை நோக்கலாம். பள்ளி, கல்லூரிகளில் கண்ணாடித் தாளை வைத்துப் பாடம் காட்டிய மேல்தலைப் படவீழ்த்திகளில் 24 வோல்ட், 250 வாட் ஹாலஜன் விளக்கு இருந்தது. அதன் இழைச்சுருள் சில மில்லிமீட்டர் அளவே ஆதலால் எத்தாந்தூ கணக்கில் அது முதல் வரிசையில் நிற்கும். ஒளியும் ஏறத்தாழ 10,000 லூமெனை எட்டும். அதை விலக்க நேர்வது வேறு காரணங்களால். உண்ணும் மின்திறனில் பெரும்பகுதியை அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக உமிழ்வதால், தகடு விரைவில் சூடேறிப் படத்தின் நடுவே கறுப்புத் திட்டு தோன்றும். ஒளியில் நீலம் குறைவாக இருப்பதால் படம் மஞ்சள் பாய்ந்திருக்கும். ஆயுளும் சில நூறு மணிக்குள் முடியும்.

அதற்குப்பின் வந்தது தெருவிளக்குகளிலும் விளையாட்டுத் திடல்களிலும் பழகிய மெட்டல் ஹாலைடு விளக்கு. பாதரச ஆவியிலும் உலோக உப்புகளிலும் மின்வில்லை எரியச் செய்யும் இவ்வகையில் 400 வாட் விளக்கு 30,000 லூமெனுக்கு மேல் ஒளி தரும். இரண்டாயிரமாம் ஆண்டுகளின் முற்பகுதியில் உலகெங்கும் வீட்டுப் படவீழ்த்தி கட்டியோர் இதையே நாடினர். ஆனால் மின்வில்லின் நீளம் சில சென்டிமீட்டர் ஆதலால் அதன் லூமென் மிகுதியில் பெரும்பங்கு பயனற்றுப் போகிறது. எரியத் தொடங்க இக்னைட்டர் தரும் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் தேவை. புறஊதாக் கதிர்களைத் தடுக்கும் வெளிக்கண்ணாடி உடைந்தால் கண்ணுக்கும் தோலுக்கும் கேடு. மின்தடை நேர்ந்து மின்சாரம் உடனே மீண்டாலும், உள்ளிருக்கும் ஆவியின் அழுத்தம் தணியும்வரை, சில வேளை பத்து நிமிடம் வரை, அது மீண்டும் எரியாது. நகர எல்லையைக் கடந்த ஊர்களில் கோடை மழைக் காலத்து மாலைகளில் மின்சாரம் எத்தனை முறை கண்சிமிட்டும் என்பதை அறிந்தோர்க்கு, இந்த ஒரு குறையே அவ்விளக்கை ஒதுக்கப் போதுமானது.

கடையில் வாங்கும் படவீழ்த்திகளின் உள்ளே நெடுங்காலம் எரிந்தது, பிலிப்ஸ் நிறுவனம் 1995இல் சந்தைக்குக் கொணர்ந்த யுஎச்பி விளக்கு. அப்படவீழ்த்திகளின் தகடு முக்கால் அங்குலத்துக்கும் குறைவான மூலைவிட்டம் கொண்டது; மேற்கண்ட கணக்கின்படி அதற்கு 5 சதுர மில்லிமீட்டர் விளக்கே பொருந்தும். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள மின்வில்லைப் படைப்பதற்காக அவ்விளக்கினுள் பாதரச ஆவி வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 200 மடங்கு அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கிறது. பழைய இயந்திரத்திலிருந்து அதைக் கழற்றி வீட்டுப் பெட்டியில் பொருத்தும் ஆசை சிலர்க்கு எழுவதுண்டு, அது வேண்டா. வெடித்தால் கண்ணாடிச் சில்லோடு பாதரச ஆவியும் அறைக்குள் பரவும். கொடைக்கானலில் இயங்கிய வெப்பமானி ஆலை 2001இல் மூடப்பட்ட பின்னும் அதன் பாதரசக் கழிவு குறித்த கவலை ஆண்டுக்கணக்கில் நீடித்ததை அறிந்த தமிழர்க்கு, இந்த உலோகத்தின் இயல்பை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆகவே இன்றைய நிலையில் வீட்டில் கட்டுவோர்க்கு உரிய விடை, பல சில்லுகளை ஒரே தகட்டில் நெருக்கமாகப் பதித்த எல்இடி, கடைக்காரர் மொழியில் சிஓபி எல்இடி. இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, சுஜி நகமுரா ஆகியோர் நீல ஒளி உமிழும் டையோடை உருவாக்கி 2014இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றனர். அந்நீலத்தின்மேல் மஞ்சள் பாஸ்பரம் பூசியே வெள்ளொளி பெறப்படுகிறது. சந்தையில் பரவலாகக் கிடைக்கும் 100 வாட் எல்இடியில் பத்து வரிசைக்குப் பத்து என நூறு சில்லுகள், பக்கத்துக்கு 20 முதல் 23 மில்லிமீட்டர் வரையான சதுரத்தில் அமைந்துள்ளன. 7 அங்குலத் தகட்டுக்குக் கணக்கு கேட்ட 23 மில்லிமீட்டர் சதுரத்தோடு இது பொருந்துவது நற்பேறு. ஒளி ஒரு பக்கம் மட்டுமே புறப்படுகிறது. ஒளிக்கற்றையில் அகச்சிவப்பும் புறஊதாவும் ஏறத்தாழ இல்லை. மின்சாரம் வந்த கணத்திலேயே முழுமையாக எரிகிறது. ஒரு வாட்டுக்கு 100 லூமென் எனக் கொண்டால் மொத்தம் 10,000 லூமென். அட்டையில் அச்சிட்ட அளவைவிடக் குறைவாகத் தரும் மலிவு வகைகள் சந்தையில் உண்டு என்பதால், பெயர் பெற்ற உற்பத்தியாளரின் அளவுத்தாளைக் கேட்டு வாங்குவது நல்லது.

எல்இடிக்கு வேண்டிய மின்சுற்றிலும் கவனம் தேவை. மேற்கூறிய 100 வாட் வகை 30 முதல் 36 வோல்ட் வரையான நேர்மின்னழுத்தத்தில் 3 ஆம்பியர் மின்னோட்டம் கொள்வது. சூடேறச் சூடேற அதன் மின்னழுத்தத் தேவை குறைவதால், மின்னழுத்தத்தை மட்டும் நிலையாக வைக்கும் அடாப்டரில் நேரடியாக இணைத்தால் மின்னோட்டம் ஏறி, மேலும் சூடாகி, மேலும் ஏறி, இறுதியில் சில்லுகள் கருகும். மின்னோட்டத்தை நிலைநிறுத்தும் டிரைவர் என்னும் சுற்று இதனாலேயே இன்றியமையாதது. வடிகட்டல் குறைவான மலிவு டிரைவர்கள் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரட்டையாகிய 100 ஹெர்ட்ஸில் ஒளியைத் துடிக்கவைக்கும். கண்ணுக்குத் தென்படாவிட்டாலும் நெடுநேரம் பார்ப்போர்க்கு அது களைப்பூட்டும்.

வெப்பம் இங்கும் ஒழிவதில்லை, இடம் மாறுகிறது. 100 வாட்டில் ஏறத்தாழ 30 வாட் ஒளியாக வெளியேற, 70 வாட் எல்இடியின் முதுகில் வெப்பமாகத் தங்குகிறது. சில்லின் வெப்பநிலையை 85 டிகிரிக்குள் வைத்து, பெட்டியினுள் காற்று 45 டிகிரி எனக் கொண்டால், வாட்டுக்கு 0.57 டிகிரிக்கு மேல் ஏறவிடாத ஹீட் சிங்க் வேண்டும். விசிறியோடு கூடிய கணினிச் செயலியின் ஹீட் சிங்க் இவ்வளவைப் பெரும்பாலும் நிறைவேற்றும் என்பதால், புதிதாக ஒன்றைச் செய்ய வேண்டியதில்லை. இதில் ஆனேக்கலின் நிலவியலும் இரு வழிகளில் குறுக்கிடுகிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள இப்பீடபூமியில் காற்றின் அடர்த்தி சென்னையைவிட நூற்றுக்குப் பத்துப் பங்களவு குறைவு. அதே வேகத்தில் சுழலும் விசிறி அந்த அளவு குறைவான காற்றையே எடைக்கணக்கில் தள்ளும். ஆயினும் சித்திரை வெயிலிலும் காற்றின் வெம்மை சென்னையினும் குறைந்தே இருப்பதால், இழந்ததற்கு ஈடு கிடைத்துவிடுகிறது.

தகட்டின் வெப்பம் தனிக் கணக்கு. எல்இடியின் ஒளியில் நூற்றுக்கு 30 பங்கு தகட்டை அடைவதாகக் கொண்டால், 155க்கு 87 மில்லிமீட்டர் பரப்பில் 9 வாட் விழுகிறது. நண்பகல் வெயில் அதே பரப்பில் ஏறத்தாழ 13 வாட் பொழியும். ஆக, எல்இடி வைத்த படவீழ்த்தியில்கூடத் தகடு வெயிலில் கிடப்பதற்குச் சற்றே குறைந்த சூட்டைத் தாங்குகிறது. 1897இல் லூமியேர் சகோதரர்கள் தம் திரைப்படக் கருவியில் மின்வில் விளக்குக்கும் எளிதில் தீப்பற்றும் படச்சுருளுக்கும் நடுவே நீர் நிரப்பிய உருண்டைக் குடுவையை வைத்தனர். அது ஒளியைக் குவித்ததோடு வெப்பத்தையும் உண்டது. இன்று அவ்விடத்தில் வைக்கத்தக்கது, பழைய மடிக்கணினித் திரையின் பின்னொளி அடுக்குகளுள் சிலவற்றில் கிடைக்கும் எதிரொளிக்கும் தளவிளைவுப் படலம். தேவையற்ற தளத்தில் அதிரும் ஒளியை உறிஞ்சாமல் அது திருப்பி அனுப்புவதால், தகடு குளிர்ச்சியாக இருக்கிறது; திரும்பிய ஒளியில் ஒரு பகுதி எல்இடியின் பாஸ்பரத்தில் சிதறி மறுபடியும் முன்னே வருகிறது. படலத்தை மெல்லச் சுழற்றி, ஒளி மிகுதியாகப் புகும் கோணத்தில் ஒட்ட வேண்டும். தகட்டின் இரு முகங்களிலும் காற்றோட்டம் இருக்குமாறு சில மில்லிமீட்டர் இடைவெளி விடுவதும் தேவை.

நிறத்தைப் பொறுத்தவரை 5,000 முதல் 6,500 கெல்வின் வரையான வெண்மை ஏற்றது. பாஸ்பர எல்இடியின் ஒளியில் ஆழ்ந்த சிவப்பு குறைவு. அதைக் கூட்டிய, நிறங்காட்டும் குறியெண் மிகுந்த எல்இடிகள் லூமென் கணக்கில் தாழ்ந்தே தோன்றும். 555 நானோமீட்டர் பச்சையில் ஒரு வாட் ஒளி 683 லூமெனாகக் கண்ணுக்குத் தெரிய, 650 நானோமீட்டர் சிவப்பில் அதே ஒரு வாட் 73 லூமெனாகவே தெரியும் என்பதே இதற்குக் காரணம். மனித முகங்களின் தோல்நிறம் உயிர்ப்போடு தெரிய வேண்டுவோர் சிறிது லூமெனை விட்டுக்கொடுப்பதே சரி. லேசர் விளக்கு பரப்பளவில் எல்லாவற்றையும் வெல்லக்கூடியதெனினும், கண நேரத்தில் விழித்திரையைச் சுடக்கூடிய கற்றையை அடைத்துவைக்கும் பாதுகாப்பு ஏற்பாடுகள் வீட்டுப் பட்டறைக்கு அப்பாற்பட்டவை. எரியும் 100 வாட் எல்இடியையும் நேரே உற்று நோக்கலாகாது.

இத்தனைக்கும் பின் திரையில் கிடைப்பது எவ்வளவு? 10,000 லூமெனில் தகட்டை அடைவது 3,000. வட்டமாக விழும் ஒளியில் அகலத்திரைச் செவ்வகம் அதிகபட்சம் 54 விழுக்காட்டையே பிடிக்கும் என்பதால், இவ்வளவு கிடைப்பதும் நல்ல அமைப்பில்தான். தகடு அதில் 5 விழுக்காட்டை விடுத்து, வீழ்த்துவில்லை ஐந்தில் நான்கு பங்கைக் கடத்தினால் எஞ்சுவது 120 லூமென். 200 மில்லிமீட்டர் வில்லை 2.5 மீட்டர் தொலைவில் 80 அங்குலப் படத்தை வீழ்த்தும். பத்தடி அறைக்குள் அது அடங்கும். 1.77 சதுர மீட்டர் திரையில் 120 லூமென் என்பது 68 லக்ஸ். திரையரங்கத் தரமாகிய சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா ஒளிர்வுக்கு எதிரே, இது 22 கேண்டெலா. இருட்டறையில் குடும்பம் அமர்ந்து படம் பார்க்க இது போதும். சன்னலில் தெருவிளக்கு பட்டால் கறுப்பு வெளிறும்.

இந்த 22ஐ உயர்த்த விரும்புவோர் உடனே 200 வாட் எல்இடியை வாங்க முற்படுவர். அது பெரும்பாலும் இருமடங்கு சில்லுகளை இருமடங்கு பரப்பில் கொண்டது. ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் உமிழும் ஒளி முன்போன்றதே. 540 சதுர மில்லிமீட்டருக்கு அப்பால் உள்ள சில்லுகளின் ஒளி வீழ்த்துவில்லையின் விளிம்பைத் தாண்டிப் பெட்டியின் சுவரில் விழ, திரை மாறாமல் விசிறியின் சுமை மட்டும் கூடும். மாறாக, அதே குவியத்தூரத்தில் 80 மில்லிமீட்டர் வில்லைக்குப் பதில் 100 மில்லிமீட்டர் வில்லையைப் பொருத்தினால் குவிய விகிதம் 2 ஆகி, அனுமதிக்கப்படும் ஒளிப்பரப்பு 540இலிருந்து ஏறத்தாழ 840 சதுர மில்லிமீட்டராக, பக்கத்துக்கு 29 மில்லிமீட்டர் சதுரமாக உயரும். பெரிய எல்இடியை வாங்குவதானால், அந்த வில்லை கைக்கு வந்த பிறகே வாங்க வேண்டும்.